இழுவை

மைனஸ் முப்பத்தொன்று.
பால் ஆறு என்று பெயர்; கோடையெல்லாம் சேறு,
உறைந்த பிறகுதான் பெயருக்கேற்ற வெள்ளை.
அதன் கரையில் எட்டு நாளாக
பழைய டிரக்கைக் கிளப்பிப் பார்த்துக் கைவிட்டோம்.
இருபத்திரண்டு வருட வண்டி.
கதவைத் தொட்டால் துரு கையோடு வருகிறது.

டெல்மருக்கு இதில் கேள்வியே கிடையாது.
டீசல்தான்.
அவன் அப்பா டீசல், அண்ணன் டீசல்,
ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில்
பெட்ரோல் வண்டியிலிருந்து இறங்குகிறவனை
மேலும் கீழும் பார்க்கிற ஊர்.
"மாட்டு டிரெய்லரை மேட்டில் ஏற்ற
வேறென்ன இருக்கு?" என்கிறான்,
இளைத்த மணிக்கட்டில்
கடிகாரம் வளையலாய்ச் சுழல.

சமையலறை நாள்காட்டியை ஆணியிலிருந்து இறக்கினேன்.
விதைக் கடைக்காரன் இனாமாகத் தருவது,
கட்டங்களுக்குள் என் கோழிக்கிறுக்கல்.
பென்சிலை நாக்கில் தொட்டு எண்ணினேன்.
மாட்டு டிரெய்லர்: பதினோரு நாள்.
வைக்கோல் ஒன்பது,
அதிலும் இரண்டு, பக்கத்துப் பண்ணை லாயிட் கேட்டதற்காக.
மிச்சமெல்லாம்
திங்கள், புதன், வெள்ளி,
திங்கள், புதன், வெள்ளி,
விடிகாலை நாலு மணி,
போக எழுபது மைல், வர எழுபது மைல்,
அவன் இரத்தத்தை ஓர் இயந்திரம்
வெளியே எடுத்துக் கழுவித் திருப்பித் தரும் இடத்துக்கு.
நூற்று ஐம்பத்தாறு கட்டம்.
ஒன்றிலும் டயாலிசிஸ் என்று நான் எழுதியதில்லை.
"டவுன்" என்றுதான்.

கடையில் கோல்பி என்றொரு பையன்.
வளர்வதா வேண்டாமா என்று யோசிக்கிற தாடி.
டர்போ, ஹைப்ரிட், எட்டு சிலிண்டர்,
முறுக்குவிசை இத்தனை, இத்தனை என்று
வாய்ப்பாடு போல ஒப்பித்தான்.
மின்சார வண்டி ஒன்று மூலையில் பேசாமல் நின்றது.
"இந்தக் குளிரில் அது எவ்வளவு தூரம் போகும்?"
நல்ல பையன். தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.
"பாதி தூரம் ஓடும். மிச்சத்துக்கு ஜெபம்."

முதலில் டீசல்.
ஓட்டுநர் இருக்கையில் ஏற
டெல்மர் மூன்று இடத்தில் நின்றான்.
அதுவரை நானும் கோல்பியும் வானிலை பேசினோம்.
கிளப்பினான்.
உறுமல் தரை வழியாக என் முட்டிக்கு வந்தது.
அவன் முகத்தில் முப்பது வயது வந்து போனது.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
ஆனால் கடுங்குளிரில் டீசல் மெழுகாய்க் கெட்டிப்படும்,
இரவெல்லாம் சுவரில் செருகி
என்ஜினுக்குக் கணப்புப் போடவேண்டும்,
அப்புறம் நாலு மணிக்கு அது மனசு வைக்கவேண்டும்.
மாடுகள் ஒரு நாள் பொறுக்கும்.
சிறுநீரகம் போட்டுவிட்டுப் போன வேலை பொறுக்காது.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்தது பெட்ரோல், ஆறு சிலிண்டர்.
நான் ஓட்டினேன்.
பனிக்கு மேலே குத்திட்டு நிற்கும் கோதுமைத் தாள்,
ஒரு தானியக் கிடங்கு,
அப்புறம் ஒன்றுமில்லை.
பின்னிருக்கையில் கோல்பி
இழுவைத் திறனைச் சொல்லிக்கொண்டே வந்தான்.
டெல்மர் மறுத்துப் பேசக் காத்திருந்தேன்.
ஆறாவது மைலில் திரும்பிப் பார்த்தால்
ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து
தூங்கிப் போயிருந்தான்.

பழைய வண்டியில்
ஊசி ஏறிய கையை மடியில் கிடத்தி
எழுபது மைலும் பல்லைக் கடித்து வருவான்.
ஒவ்வோர் அதிர்வும் தோள்வரை ஏறும்.

கண்ணாடி வழியே கோல்பிக்கு
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி
இன்னும் பதினைந்து மைல்,
வேகம் கூட்டாமல்.

கடை வாசலில் கண் விழித்தான்.
"மேட்டில் இழுக்குமா?"
"பதினோரு நாளுக்கு லாயிட்டைக் கேட்டுக்கலாம்."
நெடுநேரம் முகப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தான்.
"ஊரில் கேட்டால்?"
"என் வண்டி என்று சொல்."

நிறம் மட்டும் அவன் தேர்வு:
தேவாலய வாசலில்
எங்கே நிறுத்தினாலும் ஒளிக்க முடியாத சிவப்பு.